மூடியிருக்கும் மாதங்கள்

மயூர் விஹார், இரண்டாம் மாடி.
கூலரின் இரைச்சலுக்கு மேலே கத்தித்தான்
திட்டம் போடுகிறோம்.
வெளியே நாற்பத்தைந்து டிகிரி. குழாயைத் திறந்தால்
டீத்தூள் மட்டும்தான் பாக்கி.
தரையில் வரைபடம். பறந்துவிடாமலிருக்க
மூலைக்கொன்றாய் நான்கு உருளைக்கிழங்கு.

பத்ரக் வரைக்கும் ரயில்
ஒரு பகல், ஓர் இரவு, அப்புறம் கொஞ்சம்
என்கிறான் தணிகைவேல்.
‘கொஞ்சம்’ என்று அவன் சொன்னால்
ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.
பிறகு வண்டி. பிறகு படகுத்துறை.
அதற்கப்பால் சாலை கிடையாது
பிதர்கனிகா முழுக்க
பச்சைத் துணியில் நூல் பிரிந்த மாதிரி ஓடைகள்.

இளவேனி நோட்டில் எழுதுகிறாள்:
தொப்பி.
பைனாகுலர், குல்ஷன் அங்கிளிடம் கேட்க வேண்டும்.
இஞ்சி மிட்டாய், அப்பா படகில் வாந்தி எடுக்காமலிருக்க.
முதலை எத்தனை?
பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறாள்.

அவள் புத்தகத்தில் அது மாங்குரோவ்.
தமிழில் அலையாத்தி என்றேன்.
அலையை ஆற்றுகிற காடு.
“பால் ஆத்துற மாதிரியா?”
ஆமாம், அதே மாதிரிதான்.
அன்று மாலை முழுக்க
கடலை இந்தத் தம்ளரிலிருந்து அந்தத் தம்ளருக்கு
ஊற்றிக்கொண்டே இருந்தாள்,
சிந்தியதை நான் துடைத்தேன்.

என் லேபில் ரத்தம் எடுக்கும் சஞ்சுக்தா பெஹரா
கேந்திரபாடாக்காரி. போனில் சிரித்தாள்.
“இப்போதா? மே, ஜூன், ஜூலை பூட்டு.
முதலை முட்டை வைக்கிற காலம்.”

பள்ளிக்கூடம் திறப்பது ஜூலையில்.
எங்களுக்கு லீவு விட்டிருக்கும்போதுதான்
அவளுக்கும் விட்டிருக்கிறார்கள்.

இலையும் சேறும் குவித்து மேடு கட்டி
பக்கத்திலேயே காவல் கிடப்பாளாம்.
அவளுக்காக ஓர் அரசாங்கம்
படகையெல்லாம் கரையில் கட்டிப் போடுகிறது.
இளவேனி பிறந்த நாற்பத்திரண்டாம் நாள்
நான் பஸ் ஏறினேன்.
ஒப்பந்தத்தில் அதற்கு மேல் வரி இல்லை.
பதினோரு மணிக்கு ரவிக்கை நனைந்துவிடும்,
வெள்ளைக் கோட்டுக்கு பட்டன் போட்டுக்கொண்டு
அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன்.

முதலைக்கு இது நல்லது.
நல்லதுதான் என்று மனதார நினைக்க
எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று,
தணிகைவேலின் கொஞ்சம்.

“அப்போ புகை லீவுல போலாம்”
என்றாள் இளவேனி, நோட்டிலிருந்து தலை தூக்காமல்.
நவம்பரில் வானம் சாம்பலாகி
பள்ளியை மூடுவார்களே, அப்போது.
போன வருடம் ஒன்பது நாள், எண்ணி வைத்திருக்கிறாள்.
அதற்கு முந்தின வருடமும் தெரியும்.

தணிகைவேல் விரல் விட்டுக் கணக்குப் போட்டான்:
டிக்கெட்டுக்கு அறுபது நாள் முன்னால்.
இன்னும் வராத புகைக்கு
செப்டம்பரிலேயே பெர்த் எடுக்க வேண்டும்.
எந்தத் தேதி? காற்றைக் கேட்பதா,
பஞ்சாபில் யார் வயலிலாவது கேட்பதா?

சஞ்சுக்தா கொடுத்த எண்ணில்
படகுக்காரர் நிரஞ்சன் மல்லிக்.
தேதி கேட்டார், சொல்லத் தெரியவில்லை.
நேரம் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை.
“நீர் ஏறினால் கிளம்புவோம்” என்றார்.
இரண்டு பக்கமும் திருப்தியாகப் போனை வைத்தோம்.

அங்கே வேர்கள் சேற்றுக்கு வெளியே
மூக்கை நீட்டி மூச்சு விடும் என்று
நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்திருந்தாள்.
வேர்களில் ஒன்றுக்கு மட்டும்
முகமூடி போட்டிருந்தாள்.
நான் எதுவும் கேட்கவில்லை.

எட்டரைக்குக் கரண்ட் போயிற்று. கூலர் அடங்கியதும்
நாங்கள் மூவரும் கத்திக்கொண்டிருந்தது
எங்களுக்கே கேட்டது.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
நான்கு உருளைக்கிழங்கையும் எடுத்துக்கொண்டு
பொரியலுக்கு நறுக்க உட்கார்ந்தேன்.
வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது,
கடல் உள்பக்கமாக.